மணிலாக்கொட்டையும் கச்சான் பூத்தேயும்: தெருவோர அடுப்பு சொல்லும் வரலாறு

(தெருவோர உணவு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாரும் பசியாறியாச்சா?

மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் இப்படித்தான் கேட்போம். 'பசியாறுதல்' என்றால் நமக்குக் காலை உணவு. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நிரைக்குப் போய்ப் பால்மரம் வெட்டி, அதற்குப் பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். அந்த நேரத்துப் பசி எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமையும் தெரியும்.

இன்றைய தலைப்பு 'தெருவோர உணவு: பெருமையா, பிழைப்பா?' எனக்கு முன் பேசிய நண்பர் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தெருவோர உணவைப் பற்றிச் சொன்னார். கருவோடு அவித்த வாத்து முட்டைக்கு அங்கே பலூட் என்று பெயர். கோழிக்காலைச் சுட்டு விற்பார்கள். அதற்குக் காலணி நிறுவனத்தின் பெயரையே வைத்து 'அடிடாஸ்' என்று கூப்பிடுவார்கள். சதுரமாக வெட்டிச் சுட்ட கோழி இரத்தக் கட்டிக்குப் பழைய வீடியோ நாடாவை நினைத்து 'பீட்டாமேக்ஸ்' என்று பெயர். அரங்கத்தில் எல்லாரும் சிரித்தீர்கள். சிரிப்பதில் தவறில்லை. அந்த ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டுதான் அந்தப் பெயர்களை வைத்தார்கள். ஆனால் அதே நாட்டின் தெருவோரத்தில் நம் சொந்தக்காரர்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை உங்களுக்கு அறிமுகப்படுத்தவே நான் எழுந்தேன்.

மூங்கில் குழாயில் ஓர் உறவு

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், பிலிப்பைன்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர்கள் விடியுமுன் எழுந்து தேவாலயத்துக்குப் போவார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஆவி பறக்கும். சிறு மூங்கில் குழாய்களில் ஊதா நிற அரிசி மாவை அடைத்து ஆவியில் வேகவைத்து, வாழையிலையில் தட்டி எடுத்து, வெண்ணெய் தடவி, தேங்காய்ப்பூவும் வெல்லச் சர்க்கரையும் தூவிக் கொடுப்பார்கள். அதன் பெயர் 'புத்தோ பும்போங்'. பும்போங் என்றால் மூங்கில் குழாய். அப்படியானால் புத்தோ?

நமக்குப் புட்டு, மலாயில் புத்து, அங்கே புத்தோ. மலாய் மொழியின் வழியாகத் தமிழ்ச் சொல் அங்கே போயிருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஏற்காதவர்களும் உண்டு. அந்த வழக்கை இந்த மேடையில் தீர்க்க முடியாது. ஆனால் மூங்கில் குழாய், அரிசி மாவு, ஆவி, தேங்காய், சர்க்கரை என்று ஐந்தும் அப்படியே பொருந்தி வருவதைப் பார்த்தபின், 'யாரோ எவரோ' என்று விலகிப் போக மனம் வருமா?

இன்னொரு சொல்லுக்கு வழக்கே இல்லை. நம் மாங்காய் மலாயில் 'மங்கா' ஆனது. பிலிப்பைன்ஸ் மக்களின் தகாலோக் மொழியிலும் அது மங்காதான். சாப்பாட்டுக் கடையை அங்கே 'கரிண்டேரியா' என்பார்கள். அந்தச் சொல்லின் வேரில் நம் கறி இருக்கிறது என்று அந்நாட்டு உணவு வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கறி எப்படி மணிலாவுக்குப் போயிற்று? அது ஒரு போர்க்கதை.

சென்னையிலிருந்து போன கப்பல்கள்

ஆண்டு 1762. ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடக்கிறது. பிரிட்டனும் ஸ்பெயினும் பகைவர்கள். ஸ்பெயினின் கையில் மணிலா இருக்கிறது. அதைப் பிடிக்கச் சென்னையிலிருந்து ஒரு படை புறப்பட்டது. தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பர் தலைவர், கடற்படைக்கு சாமுவேல் கார்னிஷ். வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு, கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப் பகுதியில் சேர்த்த நம்மவர்கள் பல நூறு பேரும் அதில் இருந்தார்கள். மருதநாயகம் என்ற யூசுப் கான் மதுரையை நிர்வகித்துக்கொண்டிருந்த அதே காலம் அது.

அந்தக் கப்பல்கள் எந்த வழியாகப் போயின தெரியுமா? நம் மலாக்கா நீரிணை வழியாகத்தான். ஆகஸ்டு மாதம் மலாக்காவில் நங்கூரமிட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்டோபர் 6ஆம் நாள் மணிலா விழுந்தது. மறு ஆண்டு பாரிசில் சமாதானம் கையெழுத்தாகி, 1764இல் பிரிட்டிஷார் மணிலாவை ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

ஆனால் எல்லாரும் கப்பலேறவில்லை. சிப்பாய்களில் ஒரு பகுதியினர் படையை விட்டு விலகி, மணிலாவுக்குக் கிழக்கே காயின்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களைப் பற்றி இன்றும் அங்கே பேசுவார்கள்.

ஊர் திரும்பாத அந்தச் சிப்பாய்க்கு மிளகு, மல்லி, தேங்காய் மணக்கும் குழம்பு நாக்கில் நின்றிருக்கும் அல்லவா? கிடைத்ததை வைத்து அவன் ஆக்கிய கறியே இன்று பிலிப்பைன்ஸ் மக்கள் கொண்டாடும் 'காரே காரே' என்று ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. மாட்டு வாலை வேகவைத்து, வறுத்த அரிசியும் நிலக்கடலையும் அரைத்து ஊற்றிக் கெட்டியாக்கிய குழம்பு அது. பெயரை இரட்டித்துச் சொல்வதால் 'கறி மாதிரி ஒன்று' என்று பொருள் கூறுவோர் உண்டு. இல்லை, இது பம்பாங்கா மாநிலத்துச் சமையல்காரர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு என்போரும் உண்டு. பட்டயம் எழுதி வைத்துவிட்டா குழம்பு வைப்பார்கள்? ஆகவே இரண்டு கதையும் அடுத்தடுத்து இருக்கட்டும்.

ஒரு கொட்டை, மூன்று பெயர்

அந்தக் குழம்பில் விழுந்த நிலக்கடலையைக் கொஞ்சம் கவனியுங்கள். அது ஆசியாவின் பயிரே அல்ல, தென் அமெரிக்காவில் பிறந்தது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. புதிய உலகத்துப் பயிர்கள் பல அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன.

நிலக்கடலைக்குத் தமிழ்நாட்டின் தென்னார்க்காட்டுப் பக்கம் என்ன பெயர்? மணிலாக்கொட்டை! விழுப்புரம், கடலூர் பக்கத்து வாயில் அது மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்றெல்லாம் மருவிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் செம்மண்ணில் பெருகி விளைந்து, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்கு எண்ணெய் எடுக்கப் போனது. ஊர் தெரியாத ஒரு பயிருக்கு, வந்த வழியின் பெயரைச் சூட்டி மரியாதை செய்தார்கள் நம் விவசாயிகள்.

அதே கடலைக்கு யாழ்ப்பாணத்தில் என்ன பெயர்? கச்சான். மலாயின் 'காச்சாங்' என்ற சொல்லின் சாயல் அதில் இல்லையா? கோவில் திருவிழாவில் கச்சான் விற்கும் ஆச்சியிடம் கேட்டால், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

நமக்கு அது கச்சான் பூத்தே. பூத்தே என்றால் மலாயில் வெள்ளை. தலையில் தட்டு வைத்துக்கொண்டும், சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டும் தமிழர்கள் விற்றார்கள். தட்டில் வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்கு, பக்கோடா. பொட்டலம் பழைய காகிதத்தைச் சுருட்டிய கூம்பு. படக்கொட்டகை வாசல், பள்ளிக்கூட வாசல், பந்து விளையாட்டுத் திடல் என்று கூட்டம் எங்கே கூடினாலும் கச்சான்காரர் அங்கே நிற்பார். ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு குடியிருப்புக்கே கச்சான் பூத்தே கம்பம் என்று பெயர் வந்துவிட்டது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் போட்ட அடுப்பு அது. இன்று அங்கே கடைக்குக் கடை முறுக்கும் கடலையும் மலைபோல் குவிந்திருக்கும். வேற்று இனத்தாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப்போகிறார்கள்.

கூவி விற்றவர்கள்

தெருவோரத்தில் விற்பது ஏதோ பஞ்சம் பிழைக்க வந்த இடத்தில் கற்றுக்கொண்ட தொழில் என்று சிலர் தாழ்வாக நினைக்கிறார்கள். சங்க இலக்கியத்தைத் திறந்து பாருங்கள். அப்பம் சுட்டு விற்பவர்களுக்குக் 'கூவியர்' என்று ஒரு தொழிற்பெயரே இருந்தது. மதுரைக்காஞ்சியிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் அவர்கள் வருகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையின் கூவியர் பாகு சேர்த்து இழை இழையாக ஒரு வட்டப் பண்டம் செய்வார்கள். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத் தெருவில் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் உண்டு. ஆப்பம், இடியாப்பம் போன்றவை அந்தக் காலத்திலேயே தமிழகத்தில் இருந்ததற்கு இந்த நூல்களையே உணவு வரலாற்று ஆய்வாளர் கே. டி. அச்சயா சான்றாகக் காட்டினார்.

இழை இழையாக, இனிப்புச் சேர்த்த வட்டப் பண்டம்! அதைக் கேட்டதும் நம் நாட்டுக்காரர்களுக்கு என்ன நினைவு வரும்? சிவப்புச் சீனியும் தேங்காய்ப்பூவும் வைத்துத் தரும் புட்டுமாயம்தானே. இடியாப்பத்தை இங்கே மலாய்க்காரர்களும் சீனர்களும் அந்தப் பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

சைக்கிளும் சுயமரியாதையும்

புட்டுமாயம் சைக்கிளில் வந்தது. பின்னால் மூங்கில் கூடை அல்லது பெட்டி, முன்னால் ஒரு மணி அல்லது ஹாரன். லயத்துக்கு லயம், கம்பத்துக்குக் கம்பம் வந்தது. பிறகு அது மோட்டார் சைக்கிளாக மாறியது. பந்திங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அந்த ஹாரன் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அரங்கத்திலேயே பலர் இருப்பீர்கள்.

அந்தச் சைக்கிளுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பது இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்! அந்த மே மாதம் நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள்.

சைக்கிளில் ஏறி நிமிர்ந்து உட்காரவே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த மண் இது. அதே மண்ணில் கிராணி வீட்டு வாசல் வழியாக மணியடித்துக்கொண்டு, யாருக்கும் இறங்காமல் போகும் ஒரு புட்டுமாயக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் விற்பதைப் 'பிழைப்பு' என்ற ஒரு சொல்லில் அடக்க எனக்கு மனமில்லை.

மரவள்ளிக் காலமும் மோரிப் கரையும்

வேலைநிறுத்தம் நடந்த அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. மரவள்ளிக்கிழங்கே சோறானது. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் மிஞ்சிய பெண்கள் கிழங்கைத் துருவி, காயவைத்து, மாவாக்கி, அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். இன்று நாம் மாலைப் பலகாரமாக விரும்பித் தின்னும் மரவள்ளி, அன்று வேறு வழியில்லாமல் தின்ற உணவு.

1945 செப்டம்பர் 9ஆம் நாள், பந்திங்கிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படை வந்து இறங்கியது. 1762இல் மலாக்காவில் தண்ணீர் ஏற்றிய சிப்பாய்களுக்கும் மோரிப் சேற்றில் இறங்கிய சிப்பாய்களுக்கும் நடுவே 183 ஆண்டுகள். பேரரசுகளுக்காக நம்மவர்கள் கடல் கடந்து போனதற்குக் கல்லில் எழுதிய சாட்சி குறைவு. சில இடங்களில் ஒரு குழம்பின் பெயரே மிஞ்சியிருக்கும் சாட்சி.

ரொட்டி சானாய் யாருக்குச் சொந்தம்?

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். ரொட்டி சானாயும் தே தாரேயும் நம்முடையவை, அவற்றை மற்றவர்கள் தமதென்று சொல்லலாமா என்றார். கைதட்டலும் கிடைத்தது. நான் அந்தக் கைதட்டலில் கலந்துகொள்ளவில்லை. காரணம் சொல்கிறேன்.

ரொட்டியைப் புரட்டி வீசிப் போட்டவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். சானாய் என்பது சென்னையைக் குறிக்கும் என்பார் சிலர். மாவைப் பிசைந்து தேய்ப்பதற்கான மலாய்ச் சொல் என்பார் சிலர். மீ கோரேங்கில் மஞ்சள் மீ சீனருடையது, கிளறும் கை மாமாக்குடையது, மிளகாய்ச் சம்பல் மலாய்க்காரருடையது. நாசி கண்டாரில் கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு; நம் காவடியைப் போன்றது. பினாங்குத் துறைமுகத்தில் இருபுறமும் பானை தொங்க அந்தத் தண்டைச் சுமந்து சோறு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். தின்று வளர்த்தவர்களோ எல்லா இனத்துக் கூலித் தொழிலாளிகளும்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரே மூன்றும் அதில் உண்டு. அதற்கு முன் 2020இல் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு சேர்க்கப்பட்டது. அதாவது, நாம் பசியாறும் மேசை இன்று உலகச் சொத்து. ஒரே மேசையில் மூன்று இனமும் உட்கார்ந்து தின்பதுதான் அந்தப் பெருமைக்குக் காரணம். 'இது என்னுடையது, எழுந்து போ' என்று சொன்னால் மேசையே போய்விடும்.

கோலாலம்பூர் கோத்தா ராயா வணிக வளாகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் விடுமுறை நாளில் அங்கே கூடுகிறார்கள். அவர்களுடைய ஊர்ச் சாப்பாடு அங்கே கிடைக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் நம் பாட்டனும் பாட்டியும் இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். ஊர் தூரம், சம்பளம் வீட்டுக்குப் போகிறது, மனம் ஒரு தட்டுச் சோற்றில் ஆறுகிறது.

வந்தியின் கடை மூடலாமா?

ஆனால் ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உரிமை கொண்டாடுவது வேறு, நினைவு வைத்திருப்பது வேறு. நாம் நினைவையே விட்டுக்கொண்டிருக்கிறோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளியையே தோட்டத்துக்கு உடைமையாளன் ஆக்கப் பார்த்தார். அதன் பின்னும் தோட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. பேராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. பந்திங்குக்கு அருகே சிப்பாங்கில் 1998இல் விமான நிலையம் திறந்தது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எத்தனையோ தாய்மார்கள் சாலை ஓரத்தில் ஒரு குடை, ஒரு மேசை, ஓர் அடுப்பு என்று ஒட்டுக்கடை போட்டார்கள். வடையும் ஆப்பமும் விற்ற காசில் பிள்ளைகள் படித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று அலுவலகத்தில் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அம்மாவின் ஆப்பச்சட்டியை யார் எடுத்தார்கள்?

கையெடுக்க ஆளில்லாத இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளி வந்து நிற்கிறார். உள்ளூர்த் தெருவோர உணவை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று பினாங்கு மாநிலம் 2014இல் அறிவித்தது. தடை போட்டால் கைப்பக்குவம் தானாக வந்துவிடுமா? கற்றுக்கொடுக்க ஒருவரும் கற்றுக்கொள்ள ஒருவரும் வேண்டாமா?

தமிழர்களுக்குத் தெருவோர வியாபாரியின் கதை ஒன்று வேறு எவரையும் விட நன்றாகத் தெரியும். மதுரையில் வந்தி என்ற கிழவி பிட்டு விற்றுப் பிழைத்தாள். ஆற்றங்கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று அரசன் ஆணை வந்தபோது அவளுக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று சொல்லி இறைவனே கூடை தூக்கினான் என்பது திருவிளையாடல். அரசாங்கத்தின் ஆணைக்கும் ஆதரவற்ற ஒரு பிட்டு வியாபாரிக்கும் நடுவே கடவுளை நிறுத்தியவர்கள் நம் முன்னோர்கள். அந்தக் கதையை ஆண்டுதோறும் கோவிலில் விழாவாகக் கொண்டாடும் நாம், வாசலில் நிற்கும் வந்தியிடம் விலை பேசிக் குறைக்கிறோம். பேரங்காடியில் மட்டும் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஆகவே நான் மூன்று வேண்டுகோளோடு முடிக்கிறேன். முதலாவது, உங்கள் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் கடை போட்டிருக்கும் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது, மாவுக்கு என்ன பக்குவம் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதி வையுங்கள். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பயிற்சி இருக்க முடியாது. இரண்டாவது, உரிமம் எடுக்கப் படிவம் நிரப்பத் தெரியாமல் தவிக்கும் வியாபாரிகள் உண்டு. அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அரைநாள் விடுப்பெடுத்து அவர்களை ஊராட்சி மன்றத்துக்கு அழைத்துப் போங்கள். சுத்தம் பற்றிக் குறை சொன்ன நண்பருக்கும் இதுவே பதில். குழாயும் கூரையும் உள்ள இடம் கிடைத்தால் அவர்களும் சுத்தமாகத்தான் விற்பார்கள். மூன்றாவது, இந்த வாரம் கச்சான் வாங்கும்போது பிள்ளைகளிடம் அந்த ஒரு கொட்டையின் பயணத்தைச் சொல்லுங்கள். மெக்சிகோவிலிருந்து மணிலா, மணிலாவிலிருந்து தென்னார்க்காடு, அங்கிருந்து நம் கைக்கு.

தலைப்பு கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: பிழைப்பாக வந்தது, நாம் எழுதி வைத்தால் பெருமையாக நிற்கும்.